வெளிநாட்டுத் தன்னார்வப் பணி முடித்து, உடன் பணியாற்றியவர்களிடம் விடைபெறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் வேளாண் பட்டதாரிகளாகவும் பொறியாளர்களாகவும் வெளிநாடுகளுக்குத் தன்னார்வப் பணிக்குச் செல்கிறவர்கள், புறப்படும் முன் விசா, தடுப்பூசி, உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார்கள். பணி முடியும் காலம் நெருங்கும்போது அவர்கள் கேட்பவை முற்றிலும் வேறானவை. ஓராண்டோ ஈராண்டோ ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே வண்டியில் சென்று, ஒரே நோயாளிகளையும் மாணவர்களையும் கவனித்துக்கொண்டவர்களை விட்டு எப்படிப் பிரிவது என்பதே அந்தக் கேள்விகளின் சாரம். நானும் அப்படிப் பணியாற்றித் திரும்பியவன் என்பதாலும், புறப்படுகிறவர்களுக்கு இப்போது ஊரிலிருந்து ஆலோசனை சொல்லி வருகிறேன் என்பதாலும், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தால் போதாதா? இதற்கென்று தனியாகத் திட்டமிட வேண்டுமா?

போதாது. கடைசி வாரத்தில் வங்கிக் கணக்கை முடிப்பது, வீட்டுச் சாவியை ஒப்படைப்பது, மருத்துவப் பரிசோதனை, இறுதி அறிக்கை, பெட்டியின் எடை எனப் பொழுது முழுவதும் கரைந்துவிடும். மனத்தில் இருப்பதைப் பேச வேண்டிய ஒருவரை நடைபாதையில் நிறுத்தி, கையைக் குலுக்கிவிட்டு ஓட வேண்டியதாகிவிடும். தவிரவும், ஒரே இடத்தில் பணியாற்றுகிறவர்கள் ஒரே நாளில் புறப்படுவது அரிது. ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் திட்டமானாலும் பிற அமைப்புகளானாலும் ஒப்பந்தங்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்ட தேதிகளில் முடிகின்றன. நீங்கள் புறப்படும் நாளில் உங்களுக்கு மிக நெருங்கியவர் விடுப்பில் இருக்கலாம். உங்களுக்கு முன்பே அவர் நாடு திரும்பியிருக்கவும் கூடும்.

1961-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு, ஒன்றாக வந்த தொகுதியினரைப் பணி முடியச் சில மாதங்களுக்கு முன்பே ஒரே இடத்தில் கூட்டி, பணி நிறைவைப் பற்றிப் பேச வைக்கிறது. உங்கள் அமைப்பில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு தாளில் யார் யாரிடம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். விடைபெறுவதும் பணியின் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை முடிக்காமல் வந்தவர்கள் ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றியே பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

நேரில் உட்கார்ந்த பிறகு என்ன பேசுவது? "ரொம்ப நன்றி" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லையே?

அவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைச் சொல்லுங்கள். "நீங்கள் மிகவும் நல்லவர்" என்பதை எவரும் எவருக்கும் சொல்லலாம். மழையில் பாதை அறுந்த அன்று தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நீங்கள் நடந்ததால்தான் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அன்று தட்டம்மை ஊசி போட முடிந்தது என்று உங்களால் மட்டுமே சொல்ல முடியும். தான் செய்ததை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அறிவதைவிட ஒரு தன்னார்வலருக்குப் பெரிய நிறைவு கிடையாது. ஏனெனில் அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

அடுத்து, அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள். நம் ஊர்களில் பிரியும்போது, "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அது நல்ல வழக்கம்தான். ஆனால், உங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு மனத்தாங்கல் உண்மையிலேயே இருந்தால், அதைப் பெயர் சொல்லிப் பேசி முடிப்பதே மேல். பேச்சு வராதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். கையால் எழுதிய ஒரு பக்கத்தைப் பல ஆண்டுகள் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கைப்பேசியில் வந்த செய்தி அடுத்த கைப்பேசிக்கு மாறும்போதே தொலைந்துபோகும்.

உடன் வந்த தன்னார்வலர்களிடம் விடைபெற்றாகிவிட்டது. வேறு யாரையாவது விட்டுவிட்டோமா?

பெரும்பாலும் விட்டிருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

உங்களுடன் பணியாற்றிய உள்ளூர் மக்களும் உங்கள் சக தன்னார்வலர்களே. மொழிபெயர்த்தவர், வண்டி ஓட்டியவர், இரவுக் காவலர், சமையல் செய்தவர், சுகாதார நிலையத்தில் உங்கள் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த செவிலியர் ஆகியோரை விருந்தில் கூட்டமாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டதோடு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு முன்பு ஒருவர் வந்து, அவர்கள் வீட்டுக் குழந்தையைத் தூக்கி வளர்த்து, அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பழகி, பிறகு போய்விட்டார். நீங்கள் போகிறீர்கள், உங்களுக்குப் பிறகு இன்னொருவர் வருவார், அவரும் போவார். ஒவ்வொரு முறையும் அவர்கள் புதிதாகப் பழகி, புதிதாகப் பிரிகிறார்கள். நாம் ஒரு முறை அழுதுவிட்டு வீடு திரும்புகிறோம். அவர்கள் மறுநாள் காலையில் அதே இடத்துக்கு வேலைக்கு வந்து, நம் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கிறார்கள்.

ஆகவே அவர்களிடம் விடைபெறும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எந்தத் தேதியில் போகிறீர்கள், உங்களுக்குப் பதில் ஆள் வருவாரா மாட்டாரா என்பதை அவர்கள்தான் முதலில் அறிய வேண்டும். தலைமை அலுவலகச் சுற்றறிக்கையிலிருந்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. உங்கள் வேலையை எழுதி ஒப்படையுங்கள். எந்த அலமாரியில் எந்தப் பதிவேடு, எந்த நோயாளிக்கு அடுத்த தவணை எப்போது, எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அடங்கிய ஒரு குறிப்பை அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் விட்டுச் செல்வது, மேடையில் ஏறிப் பேசுவதைவிட உயர்ந்த மரியாதை. அடுத்ததாக, அவர்களுக்கு வேலை தேட உதவும் பரிந்துரைக் கடிதத்தை, உங்கள் அமைப்பின் அனுமதி பெற்று, கையொப்பமிட்டு, நேரில் கொடுங்கள். வண்டி ஓட்டுபவருக்கும் சமையல் செய்பவருக்கும் அப்படி ஒரு கடிதத்தை யாரும் எழுதித் தருவதில்லை. அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

பிரியும் நேரத்தில் உணர்ச்சிவசப்பட்டு வாக்குறுதி கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். "உன்னை இந்தியாவுக்கு அழைத்துப் போகிறேன்", "உன் மகளின் பள்ளிக் கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொற்கள் அந்த நிமிடத்தில் முழு உண்மையாகவே நம் வாயிலிருந்து வருகின்றன. ஆனால், ஊர் திரும்பியதும் உங்களுக்கே வேலை தேட வேண்டியிருக்கும். வீட்டில் தள்ளிவைத்த கடன், தங்கையின் திருமணம், மாமரத் தோப்புக்கு மருந்து அடிக்கும் செலவு எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். அங்கே ஒரு குடும்பம் உங்கள் சொல்லை நம்பி, அடுத்த பருவத்துக்கான முடிவை எடுத்திருக்கும். உதவ விரும்பினால், திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து, உங்கள் வருமானம் என்ன என்று தெரிந்த பிறகு, முன்கூட்டிச் சொல்லாமலேயே செய்யுங்கள்.

இருக்கும் கொடுக்கல் வாங்கலை மட்டும் பாக்கி வைக்காமல் தீர்த்துவிடுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் எம்-பெசா போன்ற கைப்பேசிப் பணச் சேவையைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கு உள்ளூர் சிம் அட்டையோடு இணைந்திருப்பதால், அட்டையை ஒப்படைக்கும் முன்பே கடைக்காரர், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட வேண்டும்.

பரிசு என்ன கொடுக்கலாம்? பொன்னாடை போர்த்தினால் புரிந்துகொள்வார்களா?

ஒரு வரியில் விளக்கிவிட்டால் புரிந்துகொள்வார்கள், மகிழ்வார்கள். இயக்குநருக்கும் மருத்துவருக்கும் மட்டும் போர்த்திவிட்டு, காவலரை விட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் சால்வை வாங்க இயலாதென்றால், எல்லோருக்கும் ஒரே மாதிரியான சிறிய துண்டு போதும்.

சில சட்டங்களை அறிந்துகொள்வது நல்லது. ருவாண்டா 2008-லும், கென்யா 2017-லும், தான்சானியா 2019-லும் நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தன. எனவே, ஊரிலிருந்து பரிசுப் பொருள் வரவழைத்தால் துணிப்பையில் கட்டச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் பல நாடுகள் பதப்படுத்தாத பழங்களை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடும். தகர டப்பாவில் அடைத்த மாங்கூழ் அதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிட்டே எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது உடன் பணியாற்றிய விவசாயி அன்பாகத் தரும் விதைகளையும் நாற்றுகளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை கூறுகிறது. வேறொரு நாட்டின் பூச்சியோ நோயோ நம் கேழ்வரகுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தால் அதற்குப் பொறுப்பேற்க யாராலும் முடியாது.

பிரிவு விருந்தில் நம் ஊர்ச் சாப்பாடு செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றுகிறவர்களுக்கு இது மிக எளிது. கேழ்வரகின் பூர்விகம் அந்தப் பகுதியின் மேட்டு நிலங்களே. உகாண்டாவின் மேற்குப் பகுதியில் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிண்டிச் செய்யும் கலோ என்ற உணவைப் பார்த்தால், பென்னாகரத்துக்காரர் ஒருவர் அது நம் களிதான் என்று சொல்லிவிடுவார். அங்கிருக்கும் மாவையே வாங்கி, களி கிண்டி, கீரை கடைந்து, அவர்களையும் பக்கத்தில் நின்று துடுப்புப் பிடிக்கச் சொல்லுங்கள். யார் கிண்டுவது சரி என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதமே விருந்துக்கு உயிர்.

விருந்தை நீங்கள் நடத்துவதோடு நில்லாமல், அவர்கள் மரபுப்படி உங்களுக்கு விடைகொடுக்கவும் இடம் கொடுங்கள். லாவோஸ் நாட்டில் பாசி என்னும் சடங்கில் பெரியவர்கள் வாழ்த்திக்கொண்டே மணிக்கட்டில் வெள்ளைப் பருத்தி நூல் கட்டுவார்கள். குறைந்தது மூன்று நாட்களாவது அதைக் கழற்றக் கூடாது, கத்தரியால் வெட்டவும் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும். நேபாளத்தில் நெற்றியில் திலகமிட்டு, கழுத்தில் காதா எனப்படும் துணியைப் போடுவார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று இவற்றைச் சுருக்கச் சொல்வது, வாழ்த்த வந்தவரின் கையைத் தட்டிவிடுவது போலாகும்.

விருந்தில் மது இருக்கும், நான் குடிப்பதில்லை. போகாமல் இருந்துவிடலாமா?

போங்கள். குளிர்பானக் குவளையோடு நின்று பேசுவதை எவரும் தவறாக நினைப்பதில்லை. போகாமல் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.

ஒருவரோடு மட்டும் பேச்சுவார்த்தையே இல்லை. அவரிடமும் போய்ச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒரே குளியலறை, ஒரே சமையலறை, மின்சாரம் இல்லாத இரவுகள், வீட்டைப் பற்றிய ஏக்கம் ஆகியவற்றுக்கு நடுவே மூண்ட சண்டைகளில் பலவற்றுக்குக் காரணம் மனிதரைவிட அந்தச் சூழ்நிலைதான். யார் செய்தது சரி என்று அலசாமல், "நாம் ஒத்துப்போகவில்லை, ஆனால் உங்கள் வேலையை நான் மதித்தேன்" என்ற அளவில் இரண்டு நிமிடம் பேசினாலே போதும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உங்கள் பங்கு முடிந்தது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் உங்களிடம் வரம்பு மீறி நடந்திருந்தாலோ, வேறு எவரையாவது துன்புறுத்தியிருந்தாலோ, சமாதானம் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கலவரம் அல்லது நோய்ப்பரவலால் திடீரென்று திருப்பி அனுப்பப்பட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவே முடியவில்லை. இனி என்ன செய்வது?

இந்த நிலை உங்களுக்கு மட்டும் வந்ததன்று. 2020 மார்ச் 15 அன்று பீஸ் கோர் அமைப்பு உலகம் முழுவதும் தன் பணிகளை நிறுத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 தன்னார்வலர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அவர்களில் பலருக்கு வீட்டைப் பூட்டி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் அளவுக்கே நேரம் கிடைத்தது.

தாமதமாகிவிட்டதே என்று தயங்காதீர்கள். ஆண்டுகள் கடந்திருந்தாலும் எழுதலாம். ஏன் சொல்லாமல் கிளம்ப நேர்ந்தது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்; ஏனெனில், அங்கிருப்பவர்களில் சிலர் உங்கள் மீது வருத்தம் கொண்டிருக்கலாம், அந்த வருத்தத்தில் நியாயமும் இருக்கலாம். பிறகு, நேரில் உட்கார்ந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ அதை எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். நீங்கள் விட்டுவந்த பொருட்களை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "அவர் வந்து கேட்பார்" என்று அந்தப் பெட்டியைத் திறக்காமல் காத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர்கள் போய்விட்டார்கள், எனக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வேலையில் மனம் ஒட்டவில்லை.

புதிதாக வருகிறவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனவரின் இடத்தில் அவரை வைத்துப் பார்க்காதீர்கள். அது அவருக்குச் செய்யும் அநீதி.

ஊர் திரும்பிவிட்டேன். "சொந்தக்காரங்களா என்ன, இப்படி உட்கார்ந்திருக்கியே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

உங்கள் அம்மா அந்த மனிதர்களை அறியமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மகனோ மகளோ பத்திரமாக வந்து சேர்ந்தாயிற்று என்ற நிம்மதி மட்டுமே. அந்த நிம்மதிக்கு நடுவே நீங்கள் வாடி உட்கார்ந்திருப்பது, வீட்டைவிட அந்த இடம் உங்களுக்குப் பெரிதாகிவிட்டதோ என்ற கலக்கத்தை அவருக்குத் தருகிறது. எனவே, நாட்டைப் பற்றிப் பேசாமல் ஆட்களைப் பற்றிப் பேசுங்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் இவர் என்று படத்தைக் காட்டுங்கள். முடிந்தால் வீடியோ அழைப்பில் இருவரையும் பேச வையுங்கள். மொழி புரியாவிட்டாலும், "சாப்டியா?" என்று உங்கள் அம்மா கேட்பதற்கு மறுமுனையிலிருந்து ஒரு சிரிப்பு வரும், அதற்குப் பிறகு "சொந்தக்காரங்களா என்ன" என்று அவர் உங்களிடம் கேட்கமாட்டார்.

சில வாரங்களில் இந்தச் சுமை குறைந்துவிடும். மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், அதைப் பிரிவு வருத்தம் என்று தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

தொடர்பை எப்படிக் காப்பது? வாட்ஸ்அப் குழு இரண்டே மாதத்தில் அமைதியாகிவிடுகிறதே?

குழு அடங்கிப்போவது இயல்பு. தனித்தனியாக நால்வரோடு பேசுவது முப்பது பேர் கொண்ட குழுவைவிட நெடுநாள் நிலைக்கும். நேர வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் அழைப்பு எளிதாகும். நமக்கு இரவு எட்டு மணி என்றால் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மாலை 5.30, மலாவி, சாம்பியாவில் 4.30; கம்போடியாவிலும் லாவோஸிலும் இரவு 9.30; நேபாளத்தில் 8.15. ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லோரும் சேர்ந்து பேச ஒரு நாள் வேண்டுமென்றால், டிசம்பர் 5 பொருத்தமானது. ஐ.நா. பொதுச்சபை 1985-இல் அதைப் பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது.

பணிக்கான குழுக்களிலிருந்து மட்டும் விலகிவிடுங்கள். நோயாளிகளின் விவரங்களும் குழந்தைகளின் படங்களும் பகிரப்படும் குழுவில், பணியில் இல்லாதவர் இருக்கக் கூடாது. உங்கள் கைப்பேசியில் உள்ள அத்தகைய படங்களையும் அழித்துவிடுங்கள்.

திரும்பிய பின் நோய் வந்தால், மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டுமா?

உடனே சொல்ல வேண்டும். ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே கொசுக்கடிக்கு ஆளானவர்கள் நீங்கள். சில வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். எனவே, காய்ச்சல் என்றால் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பிரிவு உபசாரம் என்று எல்லோரும் மலாவி ஏரியிலோ விக்டோரியா ஏரியிலோ இறங்கிக் குளித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் அங்கே உண்டு. அறிகுறி எதுவும் தெரியாமலும் அது உடலில் இருக்கும். நம் ஊர் மருத்துவர்கள் அதைப் பார்ப்பது மிக அரிது என்பதால் ஏரியில் குளித்ததை நீங்களே சொல்ல வேண்டும். பரிசோதனை எளிது, மாத்திரையும் உண்டு. ஒருவருக்கு உறுதியானால் அன்று ஏரியில் இறங்கிய அத்தனை பேருக்கும் அன்றே செய்தி போக வேண்டும்.

அவர்களில் ஒருவர் நம் ஊருக்கு வர விரும்புகிறார். என்ன ஏற்பாடு செய்வது?

சென்னையைவிடப் பெங்களூரு விமான நிலையம் நமக்குப் பக்கம். வெளிநாட்டவர் விடுதியில் அல்லாமல் உங்கள் வீட்டிலேயே தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையவழியே நிரப்பி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை; அவர் வருவதற்கு முன்பே உங்கள் பெயரில் பதிவுக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர் என்றால் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது.

மே, ஜூன் மாதங்களில் வந்தால் மாம்பழக் காலம். ஒகேனக்கல்லைப் பார்க்க விரும்புகிறவரிடம், காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசல் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள்; ஜூலை, ஆகஸ்டில் அது அடிக்கடி நேரும். ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுவதோடு, உங்கள் வீட்டு வேலையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். உடன் வேலை செய்து பழகியவர் அவர். விருந்தாளியாக நாற்காலியில் உட்கார வைத்தால் அவருக்கே சங்கடமாக இருக்கும். அவர் திரும்பும் நாளில் நீங்களே உடன் போய் வழியனுப்புங்கள். பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு அப்பால், வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூரிலும் நகரத்துக்குள்ளும் ஏற்படும் நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட்டு, விமானம் புறப்படுவதற்கு எட்டு மணி நேரம் முன்பே தர்மபுரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.